கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், ஆரம்பாக்கத்தைக் கடந்து ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் தடா என்னும் சிற்றூரை அடைவர். அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஸ்ரீ சிட்டி. 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இத்தொழில் நகரம், சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், சத்தியவேடு, வரதையபாளையம் வட்டாரங்களில் பரந்து கிடக்கிறது. சத்தியவேட்டுப் பகுதியின் ஊர்கள் பல, 1960 ஏப்ரல் முதல் நாள் வரை, சென்னை ராஜ்யத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. திருத்தணி நம்மோடு சேர்ந்த அதே நாளில் அவை ஆந்திரத்தோடு சேர்ந்தன. தடாவிலிருந்து கிழக்கே பார்வையைத் திருப்பினால் பழவேற்காடு ஏரி தெரியும். அவ்வேரியின் வடபகுதிக்கு அப்பால், கடலோரமாக நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, முன்னர் சித்தூரைச் சேர்ந்திருந்த ஸ்ரீ சிட்டிப் பகுதியும், நெல்லூரைச் சேர்ந்திருந்த ஸ்ரீஹரிகோட்டாவும் திருப்பதி மாவட்டம் என்ற ஒரே குடைக்கீழ் வந்தன.

இவ்விரண்டு இடங்களையும் இங்கே சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்ரீ சிட்டியில் பாக்ஸ்கான் தொழிற்சாலை 2015ஆம் ஆண்டில் ஷியோமி கைப்பேசிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. கைப்பேசி என்றால் அதனுள் ஒரு காமிராவும் உண்டு என்பது இன்று சொல்லாமலே விளங்கும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தோ, பூமியைப் படம் பிடிக்கும் பெருங்காமிராக்கள் செயற்கைக் கோள்களில் ஏறி விண்ணுக்குச் செல்கின்றன. ஒன்று சட்டைப் பையில் அடங்குவது. மற்றொன்று அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றுவது. ஆயினும் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கும்போது இரண்டுக்கும் எதிர்ப்படும் கேள்வி ஒன்றே: முழுக் கறுப்புக்கும் முழு வெள்ளைக்கும் நடுவே எத்தனை படிகள்?

இக்கேள்வியைச் சற்று விளக்குவோம். பழைய பிலிம் சுருளில் வெள்ளி உப்புத் துகள்கள் ஒளி பட்டுக் கறுத்தன. அதிக ஒளி பட்ட இடத்தில் அதிகத் துகள்கள் கறுத்தன; குறைந்த இடத்தில் குறைந்தன. இடையில் உள்ள சாம்பல் நிறங்களுக்கு எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது. மலைச் சரிவு போல அவை ஒன்றோடொன்று இழைந்து சென்றன. எண்முறைக் காமிரா அவ்வாறன்று. அதன் உள்ளே ஒளியுணரும் சிறு புள்ளிகள் லட்சக்கணக்கில் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொரு புள்ளியும் தன் மேல் விழும் ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. பின்னர் அம்மின்னூட்டம் அளக்கப்பட்டு ஓர் எண்ணாக எழுதப்படுகிறது. அளப்பது என்று வந்துவிட்டால் அளவுகோலின் கோடுகளும் வந்துவிடும். இரண்டு கோடுகளுக்கு நடுவே விழும் ஒளியை அருகிலுள்ள கோட்டுக்குத் தள்ள வேண்டியதுதான். சரிவு படிக்கட்டாகி விடுகிறது.

படிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது, அந்த எண்ணை எழுத எத்தனை 'பிட்' ஒதுக்கப்படுகிறது என்பது. பிட் என்பது இருக்கிறது அல்லது இல்லை, 1 அல்லது 0 என்னும் இரண்டே நிலைகளை உடையது. இதனை விளக்க வெளிநாட்டு உதாரணம் எதுவும் தேவையில்லை. நம் பாட்டிமார் அரிசி அளந்த முகத்தல் அளவைகளே போதும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. ஒவ்வோர் அளவும் முந்தையதன் இரட்டிப்பு. இந்நான்கு பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு முறை நிரப்பலாம் அல்லது நிரப்பாமலே விடலாம் என்று விதி வைத்துக்கொள்வோம். ஒன்றையும் நிரப்பாவிட்டால் 0. எல்லாவற்றையும் நிரப்பினால் 15 ஆழாக்கு. இடைப்பட்ட ஒவ்வோர் அளவையும் பெறலாம். ஆக நான்கு பாத்திரங்களால் 16 வேறுபட்ட அளவுகள் கிடைக்கின்றன. இதுவே 4 பிட். நாழிக்கு மேல் அதன் இரட்டிப்பான இன்னொரு பாத்திரத்தைச் சேர்த்தால் 32. இவ்வாறே 6 பிட்டுக்கு 64, 8 பிட்டுக்கு 256, 10 பிட்டுக்கு 1,024, 12 பிட்டுக்கு 4,096, 14 பிட்டுக்கு 16,384 என்று படிகள் பெருகுகின்றன. நாழிக்குப் படி என்றும் ஒரு பெயர் உண்டு. மாடிக்கு ஏறுவதும் படிதான். ஒளியின் அளவுக்கும் 'சாம்பற்படி' என்று நாம் பெயரிட்டுக்கொள்ளலாம்.

இந்த அளவை ஆங்கிலத்தார் 'ஆழம்' என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் முதலில் உறுத்தத்தான் செய்தது. தட்டையான படத்திற்கு ஆழம் ஏது? ஆனால் பழவேற்காட்டு ஏரியை நினைத்தால் சொல் பொருந்துகிறது. அவ்வேரி பரப்பில் மிகப் பெரிது. சராசரி ஆழமோ சுமார் ஒரு மீட்டர். பரப்பு என்பது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. கடைக்காரர்கள் மெகாபிக்சல் என்று கூவி விற்பது அதைத்தான். ஆழம் என்பது ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய படிகள். பரப்பை விளம்பரம் செய்வது எளிது. ஆழத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவின் செயற்கைக் கோள்களைக் கவனித்தால், ஆழத்திற்கு விஞ்ஞானிகள் அளித்த மதிப்பு புலனாகும். 1997 செப்டம்பர் 29ஆம் நாள் அங்கிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் சென்ற ஐ.ஆர்.எஸ்.-1டி என்னும் கோளில் ஒரு கறுப்பு வெள்ளைக் காமிரா இருந்தது. இதே வகைக் காமிராவை 1995 டிசம்பரில் ருஷிய ராக்கெட்டில் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1சி கோளும் சுமந்து சென்றிருந்தது. தரையில் சுமார் 5.8 மீட்டர் அகலமுள்ள பொருளைத் தனியே பிரித்துக் காட்டவல்ல அக்காமிரா, அக்காலத்தில் பொதுப் பயனுக்கான கோள்களில் மிகக் கூர்மையானவற்றுள் ஒன்று. ஆனால் அதன் ஆழம் 6 பிட். அதாவது 64 படிகளே. 2005 மே 5ஆம் நாள் சென்ற கார்ட்டோசாட்-1 கோளின் இரு காமிராக்களோ 10 பிட், 1,024 படிகள். கூர்மையும் 2.5 மீட்டராயிற்று. எட்டே ஆண்டுகளில் கூர்மை இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வளர்ந்தது. படிகள் பதினாறு மடங்கு வளர்ந்தன.

இவ்வளவு படிகள் எதற்கு? மேலிருந்து பார்க்கும்போது ஏரி நீர் இருண்டு தோன்றும். மணல் திட்டும் உப்பு பூத்த சேறும் பளிச்சென்று தோன்றும். மேகம் வந்துவிட்டால் அதைவிடப் பளிச்சென்று இருக்கும். இவை அத்தனையும் ஒரே படத்தில் அடங்க வேண்டும். நீரின் பிரகாசம் முழு அளவில் இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 64 படிகளில் இருபதில் ஒரு பங்கு என்பது மூன்று படி. ஏரி முழுவதும், கலங்கிய நீர், தெளிந்த நீர், பாசி படர்ந்த நீர் என்ற வேற்றுமையெல்லாம், அந்த மூன்று சாம்பல் நிறங்களுக்குள் முடங்க வேண்டும். 1,024 படிகளிலோ அதே நீருக்கு ஐம்பத்தொரு படி கிடைக்கும். கட்டடங்களின் நிழலில் கிடக்கும் தெருவுக்கும், மலையின் நிழற்புறத்துக் காட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். மேலும், கார்ட்டோசாட்-1 கோளின் இரு காமிராக்கள் ஒரே நிலத்தை முன்சாய்வாகவும் பின்சாய்வாகவும் படம் பிடித்து, அவ்விரண்டையும் ஒப்பிட்டு நிலத்தின் மேடு பள்ளத்தைக் கணிக்க உதவின. நிழலில் விவரமே இல்லையென்றால் எதை எதனோடு ஒப்பிடுவது?

இதற்கு விலையும் உண்டு. கார்ட்டோசாட்-1 காமிராவின் ஒரு வரியில் 12,000 புள்ளிகள். கோள் விரைந்து செல்லும்போது வினாடிக்குச் சுமார் 2,700 வரிகள் பதிவாகும். ஒவ்வொரு புள்ளிக்கும் 10 பிட் வீதம் கணக்கிட்டால், ஒரு காமிராவிலிருந்து வினாடிக்கு முப்பத்திரண்டு கோடி பிட்டுக்கு மேல். அத்தனையையும் வானொலி அலையில் ஏற்றித் தரைக்கு அனுப்ப வேண்டும். எனவே சுருக்கித்தான் அனுப்பினார்கள். 6 பிட்டோடு நிறுத்தியிருந்தால் சுமை ஐந்தில் இரண்டு பங்கு குறைந்திருக்கும். அதைச் சுமந்தே தீர வேண்டுமென்று முடிவு செய்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இனி விண்ணிலிருந்து மண்ணுக்கு இறங்குவோம். நம் கைக் காமிராவிலும் இருள்தான் ஏழை. இதன் காரணம் விசித்திரமானது. ஒளியுணரும் புள்ளி ஒளியை நேர் விகிதத்தில் எண்ணுகிறது. ஒளி பாதியானால் எண்ணும் பாதியாகும். நம் கண்ணோ ஒளி பாதியாகும் ஒவ்வொரு முறையையும் ஏறக்குறைய ஒரே அளவு மாற்றமாக உணர்கிறது. 12 பிட் காமிராவின் 4,096 படிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மிகப் பிரகாசமான பகுதி, அதாவது உச்சத்திலிருந்து அதன் பாதி வரை, 2,048 படிகளை விழுங்கிவிடுகிறது. அடுத்த பாதிக்கு 1,024, அதற்கடுத்து 512, பின் 256, 128, 64 என்று தேய்ந்து, ஏழாவது பாதிக்கு 32 படிகளே மிஞ்சுகின்றன. பட்டு வேட்டியின் வெண்மைக்கு ஆயிரக்கணக்கில் படிகள். கறுத்த கூந்தலுக்கும் மண்டபத்தின் உட்புறத்துக்கும் முப்பத்திரண்டு. இதே கணக்கை 8 பிட்டில் போட்டுப் பார்த்தால் ஏழாவது பாதிக்குக் கிடைப்பவை இரண்டே இரண்டு.

ஆகவேதான் கைப்பேசி தரும் சாதாரண 8 பிட் படங்கள் ஒளியை நேர் விகிதத்தில் எழுதுவதில்லை. உள்ளே அதிகப் படிகளில் அளந்துகொண்டு, வெளியே எழுதும்போது இருளுக்கு நெருக்கமான படிகளையும் வெளிச்சத்திற்கு அகன்ற படிகளையும் பங்கிட்டுக் கொடுக்கின்றன. பார்ப்பதற்கு மட்டும் என்றால் இவ்வாறு பங்கிட்ட 256 படிகள் போதும் என்றே சொல்லலாம். ஒளியில் நூற்றில் ஒரு பங்கு வேற்றுமையைத்தான் நல்ல வெளிச்சத்தில் நம் கண் கண்டுகொள்ளும். ஆதலால் ஆயிரம் படிகள் உள்ள படத்தையும் 256 படிகள் உள்ள படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அடையாளம் சொல்பவர் அரிது. அதிக பிட் என்றால் படம் அதிகக் கூர்மையாகவோ அதிகப் பிரகாசமாகவோ இருக்கும் என்று சிலர் நினைப்பது சரியன்று.

தொல்லை தொடங்குவது படத்தைத் திருத்தும்போது. பழவேற்காட்டில் மார்கழி விடியலில் பூநாரைகளைப் படம் எடுப்பவரை எண்ணிப் பாருங்கள். பனிமூட்டத்தில் வானமும் நீரும் பறவையும் எல்லாம் ஒரே சாம்பல். 256 படிகளில் நடுவிலுள்ள அறுபது படிகளுக்குள் படம் முழுதும் அடங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்து, மங்கலாக இருக்கிறதே என்று கறுப்பைக் கறுப்பாகவும் வெள்ளையை வெள்ளையாகவும் இழுத்து விடுகிறார். அறுபது படிகள் 256 படிகளின் இடத்தை நிரப்பப் புறப்படுகின்றன. இடையிடையே பல்லிழந்த சீப்புப் போல வெற்றிடம் விழுகிறது. இழைந்து செல்ல வேண்டிய வானம், பட்டை பட்டையாக வரி விழுந்து நிற்கிறது. முதலிலேயே 12 அல்லது 14 பிட்டில், காமிரா பதிந்தது பதிந்தபடியே உள்ள கச்சாக் கோப்பாகப் பாதுகாத்திருந்தால், அதே அறுபது படிகளின் இடத்தில் ஆயிரக்கணக்கான படிகள் இருந்திருக்கும். எவ்வளவு இழுத்தாலும் துணி கிழியாது.

வர்ணப் படத்திலும் இக்குறை உண்டு. ஆனால் அங்கே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வரிசைகள் இருப்பதால் ஒன்றன் வெற்றிடத்தை மற்றொன்று ஓரளவு மூடி மறைக்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரே வரிசைதான், மறைக்க ஆளில்லை. மற்றொன்று: வர்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது, மூன்று வரிசைகளையும் ஏறத்தாழப் பச்சை 59, சிவப்பு 30, நீலம் 11 என்ற விகிதத்தில் கலப்பது வழக்கம். இக்கலவையில் 256க்கு மேற்பட்ட இடைப்படிகள் இயல்பாகவே பிறக்கின்றன. ஆனால் கோப்பு 8 பிட்டாகவே இருந்தால் அவை பிறந்த கணத்திலேயே மடிந்துவிடும். முதலில் 16 பிட்டுக்கு மாற்றிக்கொண்டு பிறகு வர்ணத்தை நீக்குவதே முறை. வர்ண வடிகட்டியே இல்லாமல் கறுப்பு வெள்ளைக்கென்றே லைக்கா நிறுவனம் 2012இல் ஒரு காமிரா வெளியிட்டது. அதன் விலை நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்கள் பேசத் தக்கதன்று.

பிட் மட்டுமே எல்லாம் என்றும் எண்ணிவிடலாகாது. தொலைதூர நிலையத்தைத் திருப்பும்போது கேட்கும் கரகரப்பை வானொலி நேயர்கள் அறிவார்கள். ஒளியுணரும் புள்ளியிலும் அத்தகைய கரகரப்பு உண்டு. ஒளி குறைந்த அறையில் அது மிகும். படியின் உயரத்தைவிடக் கரகரப்பின் உயரம் பெரிதாகிவிட்டால், மேலும் நுண்ணிய படிகள் வகுப்பது வீண். கரகரப்பைத்தான் மிகத் துல்லியமாக அளந்துகொண்டிருப்போம். சிறு கைப்பேசியின் மிகச் சிறிய புள்ளிகளுக்கு 14 பிட் கொடுப்பதால் அதிகப் பயன் விளையாததற்கு இதுவே காரணம். அதே சமயம், இலேசான கரகரப்பு வானத்தில் விழும் பட்டைகளைக் கலைத்து மறைக்கவும் செய்கிறது. பழைய பிலிம் படங்களில் மணல் தூவியது போன்ற ஒரு பொலிவு இருக்குமே, அதை விரும்பித் திருத்துவோர் எண்முறைப் படத்திலும் வேண்டுமென்றே தூவுவதுண்டு.

ஒரு முறை இழந்த படி திரும்பாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 8 பிட் கோப்பை 16 பிட் கோப்பாக மாற்றிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், ஆழாக்கு அரிசியை மரக்காலில் கொட்டிவிட்டேன் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. மரக்கால் பெரிது, அரிசி அதே ஆழாக்கு.

பழைய படங்களை எண்முறைக்கு மாற்றிப் பாதுகாக்கும் பணியில் இது வெறும் ரசனைப் பிரச்னை அன்று. 1955இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படக் காப்பகத்தில், தென்னாட்டுக் கோயில்களின் படங்கள் ஒரு லட்சத்திற்கும் மேல் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. கருங்கல் தூண், எண்ணெய்ப் பிசுக்கேறிய சிற்பம், வெளிச்சம் புகாத மண்டபம் ஆகியவற்றில், நாம் மேலே கண்ட ஏழாவது பாதியின் இருளில்தான் சிற்பியின் உளி வேலை முழுதும் கிடக்கிறது. இத்தகைய மூலப் படச் சுருளின் நெகட்டிவை வருடி எடுப்பவர் 16 பிட்டில் எடுப்பதே தக்கது. காகிதத்தில் அச்சிட்ட பழைய கலியாணப் படத்துக்கோ அவ்வளவு தேவையில்லை. காகிதத்தின் மிகக் கறுத்த இடத்திற்கும் மிக வெளுத்த இடத்திற்கும் உள்ள வேற்றுமை சுமார் நூறு மடங்குதான். பிறகு அதிகம் திருத்தப் போவதில்லையென்றால் 8 பிட் போதுமானது.

எல்லாவற்றிலும் கொடுமை 1 பிட். இங்கே கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவே ஒன்றுமில்லை. அலுவலகங்களில் பழைய பத்திரங்களை வருடும் இயந்திரங்கள் பல இந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. இடம் மிச்சம் என்பது காரணம். எல்லை மாறிய ஊர்களைச் சேர்ந்த குடும்பங்களில், 1960க்கு முந்திய தமிழ்ப் பத்திரங்கள் இருந்தால் அவற்றின் பொருளை அறிய மொழிபெயர்ப்பு வேண்டியதாகிறது. நம் மேசைக்கு ஒரு முறை அத்தகைய பத்திரம் ஒன்றின் 1 பிட் நகல் வந்தது. பழுப்பேறிய தாளின் கறை முழுதும் கறுப்பாகி, அதனடியில் இருந்த எழுத்தை விழுங்கியிருந்தது. மங்கிய மசியில் எழுதிய மெய்யெழுத்தின் புள்ளிகள் வெள்ளையாகி மறைந்தன. ஊதா முத்திரையின் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. விஸ்தீரணக் கணக்கில் ஓர் இலக்கத்தின் மேல் வேறோர் இலக்கம் எழுதப்பட்டிருந்தது. மூலத்தில் முதலில் எழுதியது ஒரு மசி, பின்னர் திருத்தியது வேறு மசி என்றால், சாம்பல் நிற நகலில் இரண்டும் இரு படிகளாகத் தெரியக்கூடும். இந்நகலில் இரண்டும் ஒரே கறுப்பு. எந்த இலக்கம் முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல வழியில்லை. நிலத்தின் அளவே அதில்தான் இருந்தது. மொழிபெயர்ப்பில் 'இலக்கம் தெளிவில்லை' என்று குறித்து அனுப்பினோம். மூலத்தைக் கொண்டு வரும்படி சொன்னபோது, நகல் எடுத்த பின் அது எங்கே வைக்கப்பட்டது என்பது அவர்களுக்கே தெரியவில்லை என்றார்கள்.

நேயர்கள் தம் வீட்டுப் பத்திரங்களையும் படங்களையும் வருடக் கொடுக்கும்போது, கடைக்காரரிடம் 'பிளாக் அண்ட் ஒயிட்' என்று மட்டும் சொன்னால், இயந்திரத்தில் அப்பெயருள்ள பொத்தானை அழுத்துவார்; பல இயந்திரங்களில் அது 1 பிட். 'கிரேஸ்கேல்' என்று கேட்க வேண்டும். அது 8 பிட், 256 சாம்பற்படி. முத்திரையும் இரு வேறு மசிகளும் உள்ள பத்திரமானால் 'கலர்' என்றே கேட்பது இன்னும் நன்று. ஏ4 தாள் ஒன்றை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வருடினால் சுமார் 87 லட்சம் புள்ளிகள் ஆகும். சுருக்காமல் வைத்தால் 1 பிட்டில் ஒரு மெகாபைட்டுக்குச் சற்று மேல். 8 பிட்டில் ஒன்பது மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஒரு தாளுக்கு எட்டு மெகாபைட்டுக்குள்தான். வருடி முடிந்ததும், கடையை விட்டுப் புறப்படுமுன், கோப்பைத் திரையில் பெரிதாக்கி, தாளின் கறை சாம்பலாகத் தெரிகிறதா, கறுப்பாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்க. கறுப்பாகத் தெரிந்தால், தாள் இன்னும் கையில் இருக்கும்போதே மறுபடி வருடச் சொல்லலாம்.